வானேறும் வரலாறு

இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்ததும், வெற்றி தேடித்தந்த விமானங்கள் உலைக்கு இரையாயின. அமெரிக்கா கட்டிய பி-17 குண்டுவீச்சு விமானங்கள் 12,731. இன்று பறக்கவல்லவை மிகச் சிலவே.

1957இல் டெக்சஸ் மாநிலத்தில் லாயிட் நோலனும் நண்பர்களும் பணம் திரட்டி ஒரு மஸ்டாங் போர் விமானத்தை வாங்கினர். அவ்வித்திலிருந்து முளைத்ததே நினைவு வான்படை என்னும் தன்னார்வ அமைப்பு. வான்காட்சிகளில் பியர்ல் துறைமுகத் தாக்குதலை நடித்துக் காட்டும் விமானிகளும் அவ்வமைப்பினரே.

2022 நவம்பர் 12ஆம் நாள் டாலஸ் வான்காட்சியில் அவ்வமைப்பின் பி-17 விமானமும் பி-63 விமானமும் மோதின, அறுவர் மாண்டனர். பழம்பொருளைக் கூடத்தில் நிறுத்திக் காப்பதா, பறக்கவிட்டுக் காப்பதா என்னும் வினா மீண்டும் எழுந்தது.

பறக்கும் விமானத்தின் முழக்கம் இளையோர்க்கு வரலாற்றை உணர்த்தும் என்பது மெய்யே. ஆயினும், மாண்டோரை நினைவுகூரும் விழா புதிய கல்லறைகளுக்கு வழிகோலலாகாது.