கறுவாப்பட்டையும் கைமாறிய கொடிகளும்

போர்த்துக்கேயர் காலம், ஒல்லாந்தர் காலம், பிரித்தானியர் காலம் என்றே இலங்கையின் கடந்த ஐந்நூறு ஆண்டு வரலாற்றை நாம் பாடசாலையில் படித்தோம். கோட்டையில் பறந்த கொடியை வைத்துக் காலத்தைப் பிரிக்கும் இந்த முறை பரீட்சைக்கு வசதியானது. ஆனால், அந்தக் கொடிகளையெல்லாம் இங்கு இழுத்துவந்த ஒரு பொருளைப் பின்தொடர்ந்து சென்றால், மாறியவை எவை, மாறாதவை எவை என்ற கணக்கு வேறுவிதமாக அமைவதைக் காணலாம். அந்தப் பொருள் கறுவா. தமிழகத்தார் இதனைப் பட்டை என்றும் இலவங்கப்பட்டை என்றும் அழைப்பர்.

கறுவா எங்கே விளைகிறது என்பது பண்டைய மேற்குலகுக்குத் தெரியாது. பெரும் பறவைகள் கூடு கட்டுவதற்காகக் கறுவாக் குச்சிகளைக் கொண்டுவருகின்றன என்றும், அரேபியர் இறைச்சித் துண்டுகளைப் போட்டு ஏமாற்றி அவற்றைச் சேகரிக்கின்றனர் என்றும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதினார். விலையை ஏற்றுவதற்காக வணிகர் கட்டிவிட்ட கதைகளே இவை என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி கூறினார். விளைவிடத்தை மறைப்பதும் விலையை உயர்த்துவதும் வணிகத்தின் பழைய உத்திகள். பின்வந்த பேரரசுகள் கதைக்குப் பதிலாகப் பீரங்கியைப் பயன்படுத்தின.

பீரங்கிக்கு முந்திய நிலையை 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபுன் பட்டூட்டா பதிவு செய்துள்ளார். புத்தளம் எனக் கருதப்படும் இடத்தில் அவர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த மன்னன் பாரசீக மொழி அறிந்தவனாக இருந்தான். ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் கிடந்தன என்றும், மலபாரிலும் தமிழகக் கரையிலும் இருந்து வந்தோர் அவற்றை விலையின்றி எடுத்துச்சென்று, பதிலுக்கு மன்னனுக்குத் துணி முதலியவற்றை அளித்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். சுமார் அறுபது ஆண்டுகள் கழித்துச் சீனப் பேரரசின் பெருங்கப்பற்படை செங் ஹோவின் தலைமையில் இக்கடலுக்குள் நுழைந்தது. அது காலியில் விட்டுச்சென்ற 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. 1911இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றது. கடல்வணிகத்தில் அன்று எந்தெந்த மொழிகள் செல்லுபடியாயின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1505இல் போர்த்துக்கேயர் வந்தபோது மாறியது இந்த ஏற்பாடுதான். இக்கடலில் வணிகர் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவராக இருக்க வந்தவர்கள் விரும்பவில்லை. பிறர் வாங்காதபடி தடுப்பதே அவர்களது வணிகமாக இருந்தது. கோட்டை மன்னன் ஆண்டுதோறும் கறுவா வழங்க உடன்பட்டான். 1518இல் கொழும்பில் கோட்டை எழுந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் கோட்டை இராச்சியமே அவர்களின் கைக்குச் சென்றது.

ஆனால், காட்டில் மரத்தை வெட்டிப் பட்டை உரித்தவன் மாறவில்லை. சிங்கள மன்னர் காலத்திலேயே கறுவா உரித்துக் கொடுப்பது சலாகம சாதியினரின் இராஜகாரியக் கடமையாக இருந்தது. அரசனின் நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக அரசனுக்குச் செய்யும் கட்டாய ஊழியமே இராஜகாரியம். இச்சமூகத்தின் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த நெசவாளர் என்பது மரபு. தறியைவிட்டுக் கத்தியை எடுத்த அவர்களின் தலையில் கட்டப்பட்ட அந்தக் கடமையைப் போர்த்துக்கேயர் ஒழிக்கவில்லை. அரசனின் இடத்தில் தாமே அமர்ந்துகொண்டு, அளவை மட்டும் கூட்டினர்.

போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைத் துணைக்கழைத்தான் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன். 1638இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1640இல் காலி வீழ்ந்தது. ஆனால், போர்ச்செலவைத் தீர்க்கவில்லை என்று காரணம் காட்டி, கறுவா விளையும் காலியையும் நீர்கொழும்பையும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன்னிடமே வைத்துக்கொண்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்ற சிங்களப் பழமொழி இன்றளவும் இதனைச் சுட்டியே சொல்லப்படுகின்றது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின.

கம்பனி கணக்கில் கெட்டி. நிலத்தையும் ஆளையும் தோம்புகளில் பதிந்தது. உரிப்போரின் பெயரும் கடமையும் ஏட்டில் ஏறின. அனுமதியின்றிக் கறுவா விற்போருக்கும் மரத்தைச் சேதப்படுத்துவோருக்கும் கடும் தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஒருவனின் சொந்தக் காணியில் தானாக முளைத்த கறுவாக் கன்றும் கம்பனியின் சொத்தே. சுமை தாங்காமல் 1760 அளவில் உரிப்போர் கிளர்ந்தனர். அதனைத் தொடர்ந்து கண்டியுடன் போர் மூண்டது. 1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் பெற்ற பின்னரும் கம்பனிக்கு நிம்மதியில்லை. கண்டி மன்னனின் காட்டை நம்பியிருக்க விரும்பாத ஆளுநர் பல்க், 1769இல் கொழும்பு மருதானையில் கறுவாவைத் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினார். கொழும்பு 7 இன்றும் கறுவாத்தோட்டம் என்றே அழைக்கப்படுகின்றது. அங்கே இப்போது தூதரகங்களும் மாளிகைகளும் உள்ளன, கறுவா இல்லை.

இந்தத் தோட்டமே உண்மையான திருப்புமுனை எனலாம். காட்டில் மட்டும் கிடைத்தவரை இலங்கையைப் பிடித்தவனுக்கே கறுவா சொந்தம். நட்டு வளர்க்கலாம் என்றானதும் அதனை எங்கும் நடலாம். 1796இல் வந்த பிரித்தானியர் அந்தத் தனியுரிமையையும் ஏடுகளையும் ஆள்களையும் அப்படியே பொறுப்பேற்றனர். ஆனால், ஜாவாவில் நட்ட கறுவாவும், மலிவான சீனப் பட்டையும் சந்தைக்கு வந்தபோது தனியுரிமையின் பொருள் கரைந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராஜகாரியமும், 1833இல் கறுவாத் தனியுரிமையும் ஒழிக்கப்பட்டன. மனிதாபிமானம் இதற்கு ஒரு காரணம். இலாபம் குறைந்தது மற்றொரு காரணம்.

கட்டாய ஊழியம் சட்டப்புத்தகத்திலிருந்து அகன்ற அதே காலத்தில், மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கின. அவற்றுக்குத் தேவைப்பட்ட உழைப்பு தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்தது. வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பியை நோய் அழித்தது, தேயிலை வந்தது, கடனும் லயமும் தொடர்ந்தன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தபோது, அந்நியக் கொடி எதுவும் இங்கே பறக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

2022 பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டு அங்கீகாரம் வழங்கியது. ஒருகாலத்தில் பீரங்கி காத்த பெயரை இன்று சட்டம் காக்கின்றது, நல்ல மாற்றமே. ஆனால், தென்பகுதித் தோட்டங்களில் தேர்ந்த உரிப்போர் கிடைப்பதில்லை என்பது நெடுநாள் முறைப்பாடு. மேற்பட்டையைச் சுரண்டி, பித்தளைத் தண்டால் தேய்த்து, உட்பட்டையைக் கிழியாமல் கழற்றும் வேலை எந்த இயந்திரத்துக்கும் எளிதில் கைவராத வித்தை. ஆயினும் அவ்வேலையோடு ஒட்டிவந்த சாதிப்பெயர் கருதி இளைஞர் அதனை விரும்புவதில்லை. நான்கு ஆட்சிகள் கட்டாயப்படுத்திக் கறந்த உழைப்பு இது. அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்க எந்த ஆட்சியும் முன்வரவில்லை. பேரரசுகள் போய்விட்டன என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பட்டை உரிப்பவனின் மகன் தன் தந்தையின் தொழிலைக் கூச்சமின்றிச் சொல்லும் நாளில்தான் அது முழுமையாக உண்மையாகும்.