"எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா..." – வாடகை வீட்டின் ஒரு பழைய பதில்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடி போர்ஷன் போன மாதம் காலியானது. வாசலில் டு-லெட் போர்டு மாட்டிய அன்று சாயங்காலமே புரோக்கர் அண்ணாச்சி வந்துவிட்டார். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணி எப்படி, பைக் நிறுத்த இடம் உண்டா என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"நம்ம ஆளுகளாப் பாக்கட்டுமா தம்பி, இல்ல யாரா இருந்தாலும் சரியா?"

பதில் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆனது. அந்த அரை நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கம்ப்யூட்டர்காரன், வரலாறு முறையாகப் படித்தவன் இல்லை. தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

முதலில் என் கதை இரண்டு.

2011-ல் வேலைக்காக சிங்கப்பூரில் இருந்தேன். குடும்பம் வர வேண்டும், வீடு தேடினேன். ஒரு வீடு பிடித்திருந்தது. போனில் பேசிய ஏஜெண்டும் தமிழர்தான். "ஓனருக்கு இந்தியங்க வேண்டாமாம் சார். சமையல் வாசனை அது இதுங்கிறாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, ஓனர் சொல்றதைத்தான் நான் சொல்றேன்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வரி கட்டுகிறேன், வேலை பார்க்கிறேன், என் வீட்டு ரசம் இவர்களை என்ன செய்தது என்று நண்பர்களிடம் ஒரு வாரம் புலம்பினேன்.

2016-ல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். இதே மாடி போர்ஷனைப் பார்க்க ஒரு வாத்தியார் வந்தார். மாறுதலில் வந்தவர், மனைவி, ஒரு பெண் குழந்தை. அப்பா அவருக்குக் காபி கொடுத்து, சொந்த ஊர் எது என்று கேட்டார், அப்புறம் அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். தெருப் பெயர் வந்ததும் பேச்சு மெதுவானது. "எனக்கு ஒண்ணுமில்ல சார், அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க" என்றார் அப்பா. வாத்தியார் "பரவாயில்லைங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சிங்கப்பூர் எனக்கு அப்போது ஞாபகம்கூட வரவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

(நான் என்ன சாதி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் மீதிக் கட்டுரையை அதை வைத்தே படிப்பீர்கள்.)

இனி பழைய கதைக்குப் போவோம். 1917. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்து, பிறகு லண்டனிலும் படித்துக்கொண்டிருந்த அம்பேத்கர், ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்கத் திரும்பி வருகிறார். தங்க இடம் இல்லை. இந்து விடுதியில் இடம் தர மாட்டார்கள். பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, தினம் ஒன்றரை ரூபாய் வாடகைக்குத் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது பத்துப் பன்னிரண்டு பேர் கம்புகளோடு வந்து நின்று, சாயங்காலத்துக்குள் காலி செய் என்கிறார்கள்.

இதுவரை நிறையப் பேருக்குத் தெரியும். அடுத்து நடந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு அந்த ஊரில் இரண்டு நண்பர்கள். ஒருவர் இந்து, இன்னொருவர் கிறிஸ்தவர். இந்து நண்பர் வருத்தப்பட்டார், ஆனால் நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், வெளியூர் போயிருக்கும் மனைவி வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மனைவி பழைய ஆசாரத்தை விடாதவர் என்று அம்பேத்கருக்குத் தெரியும். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ராத்திரி ரயிலில் பம்பாய் போய்விட்டார். பின்னாளில் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

கவனித்தீர்களா? நண்பர்கள் இருவரும் படித்தவர்கள், நல்லவர்கள். இருவருமே தன் பெயரில் மறுக்கவில்லை. ஒருவருக்கு வேலைக்காரர், இன்னொருவருக்கு மனைவி, சிங்கப்பூர் ஏஜெண்டுக்கு ஓனர், என் அப்பாவுக்கு அக்கம்பக்கம். நூறு வருஷத்தில் பதிலின் வாக்கிய அமைப்புகூட மாறவில்லை.

எங்கள் பக்கத்துக்கு இந்தக் கேள்வி எப்படி வந்திருக்கும்? பழைய கிராமத்தில் வாடகைக்கு வீடு தேடும் பேச்சே அதிகம் கிடையாது. யார் எந்தத் தெருவில் குடியிருப்பது என்பது பிறக்கும்போதே முடிவானது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். மறுக்க வேண்டிய அவசியமே இல்லை, யாரும் கேட்கப் போவதில்லை. பிறகு ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர், வாத்தியார், தாலுகா ஆபீஸ் கிளார்க் என்று மாறுதலில் வருகிறவர்கள் வந்தார்கள். விருதுநகர் – தென்காசி ரயில் பாதை எங்கள் ஊர் வழியாக வந்தது 1927-ல். முன்பின் தெரியாத மனிதர் வாசலில் நின்று வீடு கேட்கும்போதுதான், "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்வி தேவைப்படுகிறது. முகத்தைப் பார்த்தால் சாதி தெரியாதே.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எல்லாவற்றிலும் சாதி, மதத்தின் பேரில் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்றால் எதுவரைக்கும் என்ற கேள்வி வந்தபோது, பணம் வாங்கிக்கொண்டு சேவை தருகிற இடங்களையும் சேர்த்துப் பரந்த பொருளில்தான் அந்தச் சொல் நிற்கிறது என்று அம்பேத்கர் விளக்கினார். டு-லெட் போர்டு மாட்டிய வீடும் ஒரு வகைக் கடைதானே என்று எனக்குத் தோன்றுகிறது. அது என் வாதம், தீர்ப்பு இல்லை.

1955-ம் வருஷத் தீண்டாமைக் குற்றச் சட்டம், இன்றைய பெயரில் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், இன்னும் தெளிவானது. அதன் 4-வது பிரிவு எந்தப் பகுதியிலும் வீடு கட்ட, வாங்க, குடியிருக்க, தீண்டாமையின் பேரில் தடை போடுவதைக் குற்றமாக்குகிறது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் காரணம் தீண்டாமைதான் என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்க வேண்டும் என்று 12-வது பிரிவும் இருக்கிறது. ஆனால் "வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சு சார்" என்ற ஒரு வரிக்கு முன்னால் இதெல்லாம் என்ன செய்யும்? தவிர, இது தீண்டாமைக்கான சட்டம். முஸ்லிம் என்பதால் வீடு கிடைக்காதவரும், வட மாநிலத் தொழிலாளியும் இதை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. போதாக்குறைக்கு, அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், சங்கம் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

"என் வீடு, என் இஷ்டம். இதில் சட்டத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு ஓனரின் இஷ்டத்துக்கு அப்படி ஒரு மரியாதை இருந்ததே இல்லை. 1960-ம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அதன் வரம்புக்குள் வரும் வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அரசு ஊழியருக்குத் தேவை என்றால் அரசே எடுத்துக்கொள்ளலாம். நியாய வாடகை எவ்வளவு, எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்பதெல்லாம் சட்டத்தின் கையில். 2019-ல் புதுச் சட்டம் வந்து அது போனது. அதாவது, ஓனரின் வாடகைப் பணத்தில் கை வைக்கத் தயங்காத நாம், அவர் யாரை மறுக்கிறார் என்று மட்டும் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

மற்ற நாடுகள் லேசில் கேட்டுவிடவில்லை. பிரிட்டனின் 1965-ம் வருஷ இனப் பாகுபாட்டுச் சட்டம் வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது, 1968-ல்தான் சேர்த்தார்கள். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு விலக்கு உண்டு: நாலு குடித்தனத்துக்கு மேற்படாத கட்டடத்தில் ஓனரும் குடியிருந்தால் சட்டம் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. அப்போதும் "இன்னார் வேண்டாம்" என்று விளம்பரம் செய்ய முடியாது. நிறத்தின் பேரில் மறுப்பதை 1866-ம் வருஷச் சட்டமே தடுக்கிறது என்று அதே 1968-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்த விலக்கில் ஒரு மனித நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. தனியாக இருக்கிற ஒரு ஆச்சி, தன் வீட்டு உள் அறையை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கலாம். பயம் வேறு, பழக்கம் வேறு, எல்லாவற்றையும் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தெரு முழுக்க முப்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு "எனக்கு ஒண்ணுமில்ல" சொல்லி அனுப்பினால், வாசலில் நிற்பவருக்கு அது முப்பது பேரின் தனித்தனி இஷ்டமாகத் தெரியாது. ஊர்க் கட்டுப்பாடாகத்தான் தெரியும்.

அந்த வார்த்தையை நான் சும்மா போடவில்லை. 2022 செப்டம்பரில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாஞ்சாகுளத்தில், பெட்டிக்கடைக்கு மிட்டாய் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம், உங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது என்று கடைக்காரர் சொன்ன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவரும் தன் பெயரில் மறுக்கவில்லை, ஊர் பெயரில்தான் மறுத்தார். கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் நானும் கோபமாகப் பகிர்ந்தேன். மிட்டாய் மறுத்தது உலகத்துக்கே தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு வாத்தியாருக்கு மாடியை மறுத்தது, காபி டம்ளர் கழுவி வைத்ததோடு முடிந்துபோனது.

ஆடித்தபசு அன்று சிவனும் விஷ்ணுவும் ஒரே உடம்பாக நிற்பதைப் பார்க்க எங்கள் ஊரில் லட்சம் பேர் கூடுகிறோம். ஒரு மாடிப்படியைப் பகிர்ந்துகொள்ள இவ்வளவு யோசிக்கிறோம்.

அண்ணாச்சியிடம் கடைசியில் சொன்னேன்: "என்ன வேலை, எத்தன பேரு, மாசம் வாடகை ஒழுங்கா வருமா. இது மூணு மட்டும் கேளுங்க. தெரு கேக்க வேண்டாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதீங்களா?"

கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வாத்தியாரு புள்ளைக்கு இப்போ பத்து வயசுக்கு மேல இருக்கும்லா" என்றாள். அவளும் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.