வில்லங்கமுள்ள வீட்டின் கிரயம்: விலைப்பணம் சேர வேண்டிய இடம்

அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்பதற்கு இந்தியச் சட்டத்தில் பொதுத்தடை கிடையாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, அடமானம் வைத்தவரிடம் மீட்புரிமை எஞ்சி நிற்கிறது. அதை அவர் கிரயம் செய்து கொடுக்கலாம். அடமானமும் வீட்டோடு வாங்குபவரிடம் வந்து சேரும். முக்கியமான விலக்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் உள்ளது. 13(2) பிரிவின்கீழ் வங்கி அறிவிப்பு அனுப்பிவிட்டால், அதன் எழுத்துமூலச் சம்மதம் பெறாமல் வீட்டை விற்க இயலாது.

எனவே இத்தகைய கிரயத்தில் ஆபத்து கடனில் இல்லை. விலைப்பணம் யார் கைக்கு முதலில் போகிறது என்பதில் இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் இதை முன்பே உணர்ந்திருக்கிறது. வில்லங்கமற்ற சொத்தாக விற்கப்படும்போது, வில்லங்கத் தொகையை விலையிலிருந்து நிறுத்திவைத்து உரியவருக்குத் தாமே செலுத்தும் உரிமையை 55(5)(ஆ) பிரிவு வாங்குபவருக்குத் தருகிறது. விலை 80 லட்சம், வங்கிப் பாக்கி 35 லட்சம் என்றால், அந்த 35 லட்சம் விற்பவர் கையைத் தொட வேண்டியதே இல்லை. நாள்வட்டியோடு கணக்கிட்ட பாக்கிக் கடிதத்தை வங்கியிடம் பெற்று, கடன் கணக்கின் பெயரிலேயே வரைவோலை எடுத்து, ரசீதுப் பத்திரத்தையும் கிரயப் பத்திரத்தையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துப் பதிவது பாதுகாப்பான வழி.

நடைமுறையோ வேறு. கிரய உடன்படிக்கை எழுதும் அன்றே விற்பவரிடம் பெருந்தொகை முன்பணமாகப் போகிறது, 'கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுத் தருகிறேன்' என்ற வாக்குறுதியின் பேரில். அந்த முன்பணத்துக்காக வாங்குபவருக்குச் சொத்தின் மீதே பொறுப்பு, அதாவது பிணை உரிமை, உண்டு என்று 55(6)(ஆ) பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பொறுப்பு வங்கியின் அடமானத்துக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். ஏலம் வந்தால் வங்கி எடுத்ததுபோக மிச்சம்தான் கிடைக்கும்.

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கான ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று தமிழ்நாடு 2012இல் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் எழுத்தே இல்லாமல் மூலப்பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடனும் செல்லும். அது சான்றில் வராது. மூலப்பத்திரம் 'தொலைந்துவிட்டது' என்ற விளக்கத்தை எளிதில் ஏற்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அடமானமும் பொறுப்பும் ஒன்றல்ல. அறியாமல் வாங்கியவரையும் அடமானம் கட்டுப்படுத்தும். பொறுப்பு, வேறு சட்டம் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, அறியாமல் விலைகொடுத்து வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் சொத்துவரிப் பாக்கி குறித்து இப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆயினும் வரி ரசீதைக் கேட்டுப் பார்ப்பது வழக்காடுவதைவிட மலிவு.

தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 2022இல் சேர்ந்த 55-அ விதி, அடமானம் நிலுவையில் இருந்தால் தடையின்மைச் சான்று இல்லாமல் பதிய மறுக்கச் சொன்னது. அதன் முதல் உட்பிரிவு பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று 2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இது சரியான முடிவு. கிரயம் பதிவானாலும் வங்கியின் அடமானம் அழிவதில்லை. பதிவைத் தடுப்பதால் நேர்மையான விற்பனையும் முடங்கும்.

கடன் கொடுத்தவர் ஒத்துழைக்காவிட்டால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இருக்கிறது. வில்லங்கத் தொகையையும், சாதாரணமாக அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத கூடுதல் தொகையையும் நீதிமன்றத்தில் கட்டினால், சொத்து வில்லங்கத்திலிருந்து விடுபட்டதாக நீதிமன்றம் அறிவிக்கலாம். இந்தப் பிரிவு இன்னும் அதிகமாகப் பயன்பட வேண்டியது. கடன் தீர்ந்தபின் பத்திரத்தைத் திருப்பித் தராமல் இழுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் வரம்பு வைத்தது: 30 நாள், தாமதம் கடன் கொடுத்த நிறுவனத்தால் என்றால், அதன்பின் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

விலை கடனுக்கும் குறைவாக இருந்தால், நிறுத்திவைக்கும் உரிமை மட்டும் வீட்டை மீட்காது. குறைந்த தொகைக்கு வங்கி சம்மதித்தால்தான் அடமானம் நீங்கும். அந்தச் சம்மதக் கடிதம் எஞ்சிய பாக்கியையும் தள்ளுபடி செய்வதாகச் சொல்லாவிட்டால், வீடு கைமாறிய பிறகும் அது விற்றவரின் சொந்தக் கடனாகத் தொடரும்.