வீரசோழன் ஆதுலசாலையில் காய்ந்த எண்ணெய்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருமுக்கூடல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றைக் காணலாம். காலம் ஏறத்தாழ 1068. கோயிலுக்கும் அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் ஆகும் செலவுக் கணக்கு அது. அதன் நடுவே 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையும் வருகிறது. அதன் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி.

ஊதியப் பட்டியலைக் கவனியுங்கள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து செய்யத் துணைநின்ற இருவருக்குத் தலைக்கு 30 கலமும் ஒரு காசும். கத்தி பிடித்தவரைவிட விறகு சுமந்தவருக்கு ஒரு காசு கூடுதல்! காரணம் கல்லில் இல்லை. ஆனால் அடுப்பு வேலை அற்பமானதன்று என்பதை மருந்துப் பட்டியலே சொல்லிவிடுகிறது. பலாகேரண்ட தைலம், லசுனாத்யேரண்ட தைலம், பில்வாதி கிருதம் என்று, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளில் பல எண்ணெயும் நெய்யுமாகவே உள்ளன.

செய்முறையைக் கல்வெட்டு கூறவில்லை; ஆயுர்வேத நூல்கள் கூறுகின்றன. பொதுவிதிப்படி அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயம் 16 பங்கு. இதை மெல்லிய தீயில் காய்ச்ச வேண்டும். இத்தனை நீரை ஊற்றி, பிறகு அத்தனையையும் ஆவியாக்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நீர் இருக்கும்வரை கலவையின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். அடுப்பு தரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். இந்த உள்ளுறை வெப்பத்தை ஜோசப் பிளாக் கிளாஸ்கோவில் அளந்து விளக்கியது 1760-களில். வெப்பமானி இல்லாத அடுப்பில் நீரே காவலாக நின்று, மூலிகை கருகாமல் காத்தது.

நீர் தீர்ந்ததும் காவல் போய்விடும். எண்ணெயின் சூடு மளமளவென்று 200 டிகிரிக்கும் மேலே ஏறும், மருந்து தீய்ந்துவிடும். முன்னதாகவே இறக்கினாலோ நீர் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஓராண்டு தாங்காது. (எண்ணெய் காறிப்போவது வேறு கதை, அது காற்றின் வேலை.) ஆகவே இறக்க வேண்டிய நேரம் மிகக் குறுகியது. அதை அறிய நூல்கள் தரும் சோதனை எளிமையானது. விழுதைத் திரியாக உருட்டித் தீயிலிட வேண்டும். படபடத்தால் உள்ளே நீர் இருக்கிறது. ஓசையின்றி எரிந்தால் பதம் சரி. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. அந்தத் திடீர் வெடிப்பே படபடப்பு. நுரையும் ஓர் அடையாளம்: தைலம் பதமானால் நுரை எழும், நெய் பதமானால் நுரை அடங்கும்.

வீட்டில் வெண்ணெய் உருக்கும்போது சடசடப்பு ஓய்ந்ததும் உங்கள் அம்மா சட்டியை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அருகில் நின்று காதால் கேளுங்கள்.