பேக் புரொஜெக்‌ஷன்: ஓடாத காரும் ஓடும் சாலையும்

பேக் புரொஜெக்‌ஷன் என்பது, முன்கூட்டியே படமெடுத்து வைத்த ஒரு காட்சியை ஒளி ஊடுருவும் திரையின் பின்புறத்திலிருந்து வீழ்த்தி, அத்திரையின் முன்னால் நடிகர்களை நடிக்க வைத்து, இரண்டையும் ஒரே கேமராவில் சேர்த்துப் படம்பிடிக்கும் திரைப்படத் தொழில்நுட்பமாகும். இதைத் தமிழில் பின்திரை ஒளிவீழ்த்தல் எனலாம். ரயில், விமானம், படகு முதலிய எல்லாப் பயணக் காட்சிகளுக்கும் இம்முறை பயன்பட்டது என்றாலும், மிகுதியாகப் பயன்பட்டது கார் ஓட்டும் காட்சிகளுக்கே. 1930 முதல் ஏறத்தாழ 1970 வரை ஹாலிவுட் படங்களில் காருக்குள் இருவர் பேசிக்கொண்டு செல்லும் காட்சி வந்தால், அந்தக் கார் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் அசையாமல் நின்றுகொண்டிருந்தது என்றே கொள்ளலாம்.

இன்று பழைய படங்களைப் பார்ப்பவர்கள் இக்காட்சிகளைப் போலி என்று சிரித்து ஒதுக்குவது வழக்கம். ஆனால், இம்முறை எந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்தது, அது கைவிடப்பட்டபோது எந்தச் சிக்கல் திரும்பி வந்தது என்பவற்றை அறிந்தால் இதன் மதிப்பு விளங்கும்.

முன்னோடி முயற்சிகள்

ஓடும் வண்டியின் உட்புறத்தையும் வெளியே நகரும் நிலக்காட்சியையும் ஒரே சட்டகத்தில் காட்டும் விருப்பம் திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே எழுந்தது. எட்வின் எஸ். போர்ட்டர் 1903இல் எடுத்த ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ என்ற குறும்படத்தில், ரயில் பெட்டியின் திறந்த கதவு வழியே மரங்கள் ஓடுவதைக் காணலாம். பெட்டி என்பது ஓர் அரங்க அமைப்புதான். கதவுப் பகுதியை மறைத்து முதலில் நடிப்பைப் படமெடுத்து, பின்னர் அதே படச்சுருளில் அப்பகுதியில் மட்டும் நிலக்காட்சியைப் பதிவு செய்தனர். இது இரட்டைப் பதிவு முறை எனப்படும்.

ஊமைப்படக் காலத்தில் கார்க் காட்சிகள் பெரும்பாலும் உண்மையான தெருக்களிலேயே எடுக்கப்பட்டன. கேமராவைக் காரின் மீதோ, முன்னால் செல்லும் மற்றொரு வண்டியின் மீதோ பொருத்திக் கையால் சுழற்றிப் படமெடுத்தனர். இஞ்சின் எவ்வளவு இரைந்தாலும் கவலையில்லை. படத்தில் ஒலியே கிடையாது.

பேசும்படம் கொண்டுவந்த நெருக்கடி

1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியானதைத் தொடர்ந்து ஹாலிவுட் விரைவாகப் பேசும்படத்துக்கு மாறியது. அன்றைய மைக்ரோஃபோன்கள் தெருவில் பயன்படுத்த ஏற்றவையல்ல. நடிகரின் குரலோடு இஞ்சின் இரைச்சல், காற்று, ஹாரன் எல்லாம் சேர்ந்தே பதிவாகும். கேமரா எழுப்பும் ஓசையே பெருந்தொல்லையாக இருந்ததால், அதை ஓசை வெளிவராத அறைக்குள் அடைத்து இயக்கிய காலம் அது. ஓடும் காரில் உரையாடலைப் பதிவு செய்வது ஏறத்தாழ இயலாததாயிற்று.

எனவே நடிகர்கள் அமைதியான ஸ்டுடியோவுக்குள் இருந்தாக வேண்டும், சாலை அவர்களைத் தேடி அங்கே வர வேண்டும் என்ற நிலை உருவானது. பின்திரை ஒளிவீழ்த்தல் பற்றிய எண்ணம் முன்பே இருந்ததுதான். அது தொழில்முறையாக வளர்ந்தது இந்தத் தேவையால்தான். ஃபாக்ஸ் நிறுவனம் 1930இல் வெளியிட்ட ‘லிலியம்’, ‘ஜஸ்ட் இமேஜின்’ ஆகிய படங்கள் இம்முறையை வெற்றிகரமாகக் கையாண்ட தொடக்ககாலப் படங்களாகக் குறிப்பிடப்படுகின்றன.

தடைகளும் தீர்வுகளும்

இம்முறை கேட்பதற்கு எளிது. செயல்படுத்துவதற்கு நான்கு தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது.

முதலாவது, காலப்பொருத்தம். பேசும்பட கேமராவில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் பதிவாகின்றன. ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையே படச்சுருள் நகரும்போது ஷட்டர் மூடிக்கொள்ளும். பின்னாலுள்ள புரொஜெக்டருக்கும் இதுபோன்ற ஷட்டர் உண்டு. கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் புரொஜெக்டரின் ஷட்டர் மூடியிருந்தால், பின்னணி இருண்டோ துடித்தோ தெரியும். இரண்டு கருவிகளையும் மின்சாரத்தால் பிணைத்து, அவற்றின் ஷட்டர்கள் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடும்படி செய்யும் மோட்டார்கள் இச்சிக்கலைத் தீர்த்தன.

இரண்டாவது, ஒளிக்குறைவு. திரையை ஊடுருவி வரும் ஒளி மங்கலானது. அதைப் பதிவு செய்யக்கூடிய உணர்திறன் மிக்க படச்சுருள் தேவைப்பட்டது. கோடாக் நிறுவனம் 1931இல் அறிமுகப்படுத்திய அதிக உணர்திறன் கொண்ட நெகட்டிவ் படச்சுருள் இதற்குப் பெரிதும் உதவியது.

மூன்றாவது, திரை. திரையின் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரங்கள் மங்கியும் தெரிவது பெருங்குறை. செல்லுலோசால் ஆன ஒளி ஊடுருவும் திரைகள் இக்குறையை வெகுவாகக் குறைத்தன. இத்திரையை உருவாக்கிப் பயன்படுத்தியதற்காக ஃபாக்ஸ், வார்னர் பிரதர்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய நிறுவனங்களின் தொழில்நுட்பப் பணிக்கு அமெரிக்கத் திரைப்பட அகாதமி தொழில்நுட்ப விருது வழங்கியது. 1933இல் வெளியான ‘கிங் காங்’ படத்தின் புகழ்பெற்ற தந்திரக் காட்சிகளிலும் இத்தகைய திரைகள் பயன்பட்டன.

நான்காவது, அசைவு. சாதாரண புரொஜெக்டரில் படம் சற்றே ஆடுவது திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அசையாத கார்க் கதவுக்குப் பக்கத்தில் பின்னணி மட்டும் ஆடினால் உடனே தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சட்டகத்தையும் அதன் ஓரத் துளைகளில் ஊசிபோன்ற முனைகளால் இறுகப் பிடித்துக்கொள்ளும் புரொஜெக்டர்கள் தனியே உருவாக்கப்பட்டன.

பாரமவுண்ட் நிறுவனத்தில் இத்துறைக்குத் தலைமை வகித்த ஃபார்சியோ எடுவார்ட் மற்றொரு வழியையும் கண்டார். ஒரே காட்சியின் மூன்று பிரதிகளை மூன்று புரொஜெக்டர்களில் இட்டு, ஒன்றை நேராகவும் மற்ற இரண்டைக் கண்ணாடிகளின் வழியாகவும் ஒரே திரையில் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார். இதனால் வெளிச்சம் பெருகியது. படச்சுருளின் பொரிபொரியான தன்மையும் குறைந்தது. அதிக வெளிச்சம் கோரும் வண்ணப் படங்களில் இம்முறை இன்றியமையாததாயிற்று.

சாலையைப் படமெடுத்தவர்கள்

பின்னணிக்காக முன்கூட்டியே எடுக்கப்படும் காட்சிக்குத் திரைத்துறையில் ‘பிளேட்’ என்று பெயர். நடிகர்கள் இல்லாத ஒரு சிறு குழு வண்டியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு சாலையில் செல்லும். காரின் பின்கண்ணாடி வழியே தெரியும் காட்சி, பக்கவாட்டுக் கண்ணாடி வழியே தெரியும் காட்சி, சாய்கோணக் காட்சி எனத் தேவையான ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். கேமராவின் உயரம், லென்ஸ், சூரியன் இருக்கும் திசை ஆகியவற்றைக் குறித்து வைப்பதும் இவர்களின் வேலை. இவை பின்னர் ஸ்டுடியோவில் அமையும் கேமராவோடும் விளக்குகளோடும் பொருந்தாவிட்டால், காருக்குப் பின்னால் சாலை மேலெழும்பியோ சரிந்தோ தெரியும்.

ஒரு முறை எடுத்த சாலைக் காட்சிகளை ஸ்டுடியோக்கள் சேமித்து வைத்து, வேறு படங்களிலும் பயன்படுத்தின. இக்குழுவினரின் உழைப்பு பார்வையாளரின் கவனத்துக்கு வராமல் இருப்பதே அவர்களது வெற்றி. கவனத்துக்கு வந்தால் அது தோல்வி.

ஸ்டுடியோவுக்குள் கார்

திரையின் முன் ஒரு முழுக் காரோ பாதி வெட்டிய காரோ நிறுத்தப்படும். எதிரொளியைத் தவிர்க்க முன்கண்ணாடியைக் கழற்றிவிடுவதும் உண்டு. தொழிலாளர்கள் நீண்ட கட்டைகளை நெம்புகோலாகக் கொடுத்துக் காரை மெல்லக் குலுக்குவர். விசிறி காற்றை உண்டாக்கும். விளக்கின் முன்னால் மரக்கிளைகளை நகர்த்தினால், சாலையோர மர நிழல்கள் நடிகரின் முகத்தின் மீது கடந்து செல்லும். நடிகர்களின் மீது விழும் வெளிச்சம் பின்திரையில் பட்டுவிடக் கூடாது. பட்டால் பின்னணி வெளுத்துவிடும்.

சாலை நேராக இருக்க, நடிகர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருப்பது இக்காட்சிகளின் நிலையான நகைச்சுவை. இது தொழில்நுட்பத்தின் குறையன்று. பின்னால் ஓடும் சாலை நடிகருக்குத் தெரியாது என்பதே காரணம். மற்றொரு குறை தவிர்க்க முடியாதது. பின்னணி, ஏற்கெனவே படமானதை மீண்டும் படமெடுப்பது. ஆகையால் அது நடிகரின் உருவத்தைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும்.

ஹிட்ச்காக்கின் கார்கள்

இம்முறையை விரும்பிப் பயன்படுத்திய இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். ‘நொட்டோரியஸ்’ (1946), ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) ஆகிய படங்களில் குடிபோதையில் கார் ஓட்டும் காட்சிகளை இவ்வாறே அமைத்தார். உண்மையான சாலையில் இன்கிரிட் பெர்க்மனையோ கேரி கிராண்ட்டையோ அப்படி ஓட்டவிட்டுப் படமெடுத்திருக்க முடியாது. ஆபத்து திரையில் மட்டுமே இருந்தது. முகபாவம், வசனம், வெளிச்சம் அனைத்தும் இயக்குநரின் கட்டுப்பாட்டில் இருந்தன.

‘டு கேட்ச் எ தீஃப்’ (1955) படத்தில் பிரான்சின் தெற்குக் கடற்கரை மலைச்சாலையில் எடுத்த காட்சிகளுடன், ஸ்டுடியோவில் எடுத்த கிரேஸ் கெல்லியின் அண்மைக் காட்சிகள் இணைக்கப்பட்டன. பெரிய நெகட்டிவ் கொண்ட விஸ்டாவிஷன் முறையால் படம் கூர்மையாக அமைந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த ‘மார்னி’ (1964) படமோ, பின்னணிகள் போலியாகத் தெரிகின்றன என்ற கண்டனத்துக்கு உள்ளானது. அதற்குள் பார்வையாளரின் கண் மாறிவிட்டிருந்தது.

இந்தியப் படங்களில்

இந்திய ஸ்டுடியோக்களிலும் பேக் புரொஜெக்‌ஷன் என்ற பெயரிலேயே இம்முறை வழங்கியது. பழைய தமிழ்ப் படங்களின் கார்ப் பாடல் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் இங்கே காரணம் வேறு. பாடல் முன்பே ஒலிப்பதிவாகிவிடும் என்பதால் தெரு இரைச்சல் பாடல் காட்சிக்குத் தடையில்லை. நட்சத்திரங்களைக் காணத் திரளும் கூட்டமும், கிடைக்காத கால்ஷீட்டுமே பெருந்தடைகள்.

இதற்கு நன்கறியப்பட்ட சான்று, சக்தி சமந்தா இயக்கிய ‘ஆராதனா’ (1969) என்ற இந்திப் படம். டார்ஜிலிங் மலைச்சாலையில் ராஜேஷ் கன்னா ஜீப்பில் பாடிச் செல்ல, அருகே ஓடும் சிறு ரயிலின் சன்னலோரம் ஷர்மிளா தாகூர் அமர்ந்திருக்கும் பாடல் காட்சி அதில் உண்டு. அப்போது ஷர்மிளா சத்யஜித் ராயின் படப்பிடிப்பில் இருந்ததால் டார்ஜிலிங் வர இயலவில்லை. அவரது பகுதி பின்னர் ஸ்டுடியோவில் தனியே எடுக்கப்பட்டது.

சாலைக்குத் திரும்பிய கேமரா

ஸ்டுடியோவை விட்டு வெளியேறும் முயற்சிகள் இடையிலேயே தொடங்கிவிட்டன. ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய ‘கன் கிரேசி’ (1950) படத்தில், வங்கிக் கொள்ளைக் காட்சி முழுவதும் ஓடும் காரின் பின்பகுதியில் வைத்த கேமராவால் வெட்டே இல்லாமல் எடுக்கப்பட்டது. 1960இல் வெளியான கோதாரின் ‘பிரெத்லெஸ்’ படத்தில், கையில் ஏந்திய சிறிய கேமராவுடன் ஒளிப்பதிவாளர் ராவுல் கூட்டார்ட் காருக்குள்ளேயே அமர்ந்து பாரிஸ் தெருக்களைப் படமெடுத்தார். அந்தக் கேமரா இரைச்சல் மிக்கது. வசனங்கள் பின்னர் டப்பிங் செய்யப்பட்டன. ஒலிச் சிக்கல் ஸ்டுடியோவுக்குள் விரட்டிய கேமராவை, ஒலியைப் பின்னர் சேர்க்கும் முறை தெருவுக்கு மீட்டது.

‘புல்லிட்’ (1968) படத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் நீளும் துரத்தல் காட்சி சான் பிரான்சிஸ்கோவின் தெருக்களிலேயே எடுக்கப்பட்டது. தேர்ந்த சாகச ஓட்டுநர்கள் அதில் ஈடுபட்டனர். அதன்பின் ‘உண்மையான சாலை’ என்பதே தரத்தின் அடையாளமாயிற்று. நடிகர் அமர்ந்த காரைத் தாழ்தள டிரெய்லரில் ஏற்றி, மற்றொரு வண்டியால் இழுத்துச் சென்று படமெடுக்கும் முறையும் பரவியது.

உண்மைத்தன்மையின் விலை

1990களில் பேக் புரொஜெக்‌ஷன் பழமையை நினைவூட்டும் அலங்காரமாகத் திரும்பியது. குவென்டின் டரான்டினோ ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ (1994) படத்தின் டாக்சிக் காட்சியில், வண்ணப் படத்துக்குள் கருப்பு வெள்ளைச் சாலையை வேண்டுமென்றே ஓடவிட்டார். ‘கில் பில்’ இரண்டாம் பாகத்தின் (2004) தொடக்கத்திலும் உமா தர்மன் இத்தகைய செயற்கைப் பின்னணியின் முன்னால்தான் கார் ஓட்டுகிறார்.

அதே ‘கில் பில்’ படப்பிடிப்பின்போது, மெக்சிகோவில் மற்றொரு காட்சிக்காக அவரே உண்மையான சாலையில் காரை ஓட்ட நேர்ந்தது. தாம் ஓட்டத் தயங்கியும் வற்புறுத்தப்பட்டதாக 2018இல் அவர் பகிரங்கமாகத் தெரிவித்தார். கார் கட்டுப்பாட்டை இழந்து மரத்தில் மோதியதில் அவரது கழுத்திலும் முழங்கால்களிலும் காயம் ஏற்பட்டது. அச்சம்பவம் தம் வாழ்வின் மிகப் பெரிய வருத்தங்களில் ஒன்று என்று டரான்டினோவும் கூறினார். ஒரே படத்தில் இரண்டு முறைகளும் உள்ளன. போலி எனச் சிரிக்கப்படும் முறையில் யாருக்கும் காயமில்லை.

மீண்டும் திரை

கணினிக் காலத்தில் பச்சைத் திரை முறை பரவியது. இதில் பின்னணி பிறகே சேர்க்கப்படுவதால், நடிகர் எதையும் பார்க்காமல் நடிக்க வேண்டும். காரின் கண்ணாடியிலும் பளபளக்கும் உடலிலும் பச்சை நிறம் எதிரொளித்து, அதை நீக்குவது பெரிய வேலையாகிவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததே எல்இடி சுவர். 2019இல் வெளியான ‘தி மண்டலோரியன்’ தொடருக்கு ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 23 மீட்டர் விட்டமும் கொண்ட வளைந்த சுவர் அமைக்கப்பட்டது. கார்க் காட்சிகளுக்கு, வண்டியைச் சுற்றிப் பல கேமராக்களைப் பொருத்தி எல்லாத் திசைகளிலும் சாலையைப் படமெடுத்து, அதை இத்தகைய சுவர்களில் ஓடவிடுகின்றனர். சாலை விளக்குகளின் ஒளி காரின் மீதும் நடிகரின் முகத்தின் மீதும் தானே நகர்ந்து செல்கிறது. மரக்கிளை அசைக்கும் ஆள் இப்போது தேவையில்லை.

கருவிகள் புதியவை, கொள்கை பழையது. முன்கூட்டியே எடுத்த சாலை, நிற்கும் கார், இரண்டையும் ஒருசேரக் காணும் கேமரா. 1930இல் ஒலிக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வெளிச்சத்துக்காகவும் கட்டுப்பாட்டுக்காகவும் பாதுகாப்புக்காகவும் மீண்டும் விரும்பப்படுகிறது. பழைய படமொன்றில் காருக்குப் பின்னால் மங்கலாக ஓடும் சாலையைக் காணும் மாணவர்கள் இதையும் நினைவில் கொள்ளலாம்: அந்தச் சாலையில் ஒருநாள் ஒரு குழு உண்மையாகவே பயணம் செய்திருக்கிறது. வசனம் பேசிய நடிகர்தான் பயணம் செய்யவில்லை.