கல் பொறுக்கினால் தீவு முழுகுமா?

பூங்காவுக்குப் போகிறீர்கள். அழகான ஒரு கல் கண்ணில் படுகிறது. 'ஒரே ஒரு கல்தானே' என்று பையில் போட்டுக்கொள்வீர்கள், இல்லையா?

தூத்துக்குடிக்காரர்களின் பூங்கா கடலுக்குள் இருக்கிறது! ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சேர்த்து, 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அங்கே பல காலமாக அள்ளிய கல், பவளக்கல். படகு படகாக வந்து இறங்கும். காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு, அடுக்கினால் சுவர். அள்ளியவர்களை மட்டும் திட்டாதீர்கள். அந்தச் சுவருக்குள் குடியிருந்தது நாம்தான்.

நான் படித்தது காமர்ஸ். லாபத்தைச் செலவழிக்கலாம், முதலில் கை வைக்கக்கூடாது என்பதுதான் அங்கே பாலபாடம். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அதுதான் அலையை உடைத்துத் தீவைக் காக்கும் மதில். மதிலையே விற்றால்?

2001-ல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கல் எடுப்பதும் நின்றது. அதற்குள் விலாங்குசல்லித் தீவு முழுகிவிட்டது. 1969-ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த காரியசல்லியில் இப்போது கால்பங்குகூட இல்லை. பக்கத்து வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் கான்கிரீட் திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள்.

சும்மா கிடைத்த கல்லுக்கு, இப்போது காசு கொடுத்துக் கல் போடுகிறோம். வட்டியும் முதலுமாக!