லயத்துப் புறக்கடையும் விதைச் சோளமும்

ஒரு சமுதாயத்தின் வரலாறு அரசாணைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் பொதிந்து கிடப்பதன்று. அச்சமுதாயம் பயிரிட்ட நிலமும், ஆண்டுதோறும் காத்து விதைத்த வித்தும் அதன் வாழ்வை உரைக்கவல்லன. நிலத்துக்கு உறுதிப் பத்திரம் பெறாத மக்களைப் பொறுத்தவரை இவ்வகைச் சான்றே முதன்மை பெறுகின்றது. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களை அடுத்து வளர்ந்த சோளமும் செவ்வந்தியும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

மலைநாட்டு வழக்கில் 'தோட்டம்' என்னுஞ் சொல் பல நூறு ஏக்கர் பரந்த தேயிலை நிலத்தையே குறிக்கும். தொழிலாளி தன் கையால் வளர்க்கும் சில பாத்திகளை 'மரக்கறித் தோட்டம்' என அடைகொடுத்து வழங்கவேண்டியதாயிற்று. முன்னது கம்பனியின் உடைமை. பின்னது துரையின் இசைவு நிற்குமளவும் நிற்பது. ஆயினும் நாள்முழுதும் பிறர் பயிரைப் பேணிய கைகள் தம் விருப்பப்படி எதையேனும் நட்ட இடம் அஃதொன்றே.

இப்பாத்திகள் தோன்றிய காலத்தை அறிதற்குக் கோப்பியின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1820களிலிருந்து தமிழகத்துத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கு வரலாயினர். கோப்பி, பழம் பறிக்கும் பருவத்திலேயே மிகுதியான ஆட்களை வேண்டுவது. ஆகவே பலர் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் மீண்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை நாளடைவில் அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர் அவ்விடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. அதற்குக் குடும்பத்தோடு நிலைத்து வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1885இல் புகைவண்டிப் பாதை நானுஓயாவை எட்டியபோது இம்மாற்றம் மலையெங்கும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

ஒருமுறை கீரை விதைத்து உண்பதற்குச் சில வாரங்கள் போதும். சோளத்தை விதைத்து, முற்றவிட்டு, சிறந்த கதிரைத் தேர்ந்து, உலர்த்தி, அடுத்த ஆண்டு மீண்டும் விதைப்பதற்கோ ஓராண்டுக்கு மேலான குடியிருப்பு வேண்டும். பருவத்தில் வந்து மீள்வோன் விதை காப்பதில்லை; நாளையும் இங்கிருப்போம் என எண்ணுவோனே காப்பான். அடுப்புப் புகையில் வண்டு அணுகாவண்ணம் தொங்கிய விதைக்கதிர், அங்கு ஒரு குடி நிலைத்துவிட்டமைக்கு அடையாளமாயிற்று.

அப்பயிர்களும் வந்தேறியவையே. மக்காச்சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிக்கோவில் மக்களாற் பயிராக்கப்பட்டது. லயத்து முற்றங்களை அழகுசெய்யும் துலுக்கச் செவ்வந்தியும் டேலியாவும், வேலியிற் படரும் சௌசௌக் கொடியும் அந்நாட்டுப் பகுதியினின்றே உலகெங்கும் பரவின. வந்த வழி அறியாத மக்கள் ஒன்றை மக்காவோடும் மற்றொன்றைத் துலுக்கரோடும் சார்த்திப் பெயரிட்டனர். ஐரோப்பியரும் சோளத்தைத் 'துருக்கிக் கோதுமை' என்றனர். ஒட்டிய பெயர் பிழையாயினும் ஊன்றிய வேர் பிழையாகவில்லை.

நானுஓயாவின் நிலம் இப்பயிருக்கு எளிதில் இணங்குவதன்று. கடல்மட்டத்துக்கு மேல் 5,000 அடிக்கு அதிகமான உயரத்தில் குளிர் மிகுதி. எனவே சமவெளியில் மூன்று நான்கு திங்களில் முற்றும் சோளம் இங்கு மேலும் காலங்கொள்ளும். தை முதல் பங்குனி வரை மழை குறையும். அக்காலத்து இரவுகளில் உறைபனி விழுந்து இளம்பயிரைக் கருக்குவதும் உண்டு. எனவே சித்திரை மழையை எதிர்நோக்கி விதைப்பதே நலம். வறண்ட நாள்களில் பீலியிலிருந்து சுமந்த நீரே பூஞ்செடிகளைக் காக்கும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. சோளம் அத்தகைய மண்ணில் தழைப்பதில்லை. அடுப்புச் சாம்பல் மண்ணின் புளிப்பைத் தணிக்கும். மாட்டெரு அதற்கு உரமூட்டும். தேயிலைக்கென வகுத்த மலைச்சரிவிற் சில அடிகளைச் சோளத்துக்குரியதாக மாற்றியவை இவ்விரண்டுமேயாம்.

சோளத்தின் இயல்பு ஒன்று ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. அதன் ஆண்பூ உச்சியில் நிற்கும்; பெண்கதிர் தண்டின் இடையில் தோன்றும். கதிரின் பட்டுநூல் ஒவ்வொன்றிலும் மகரந்தம் படிந்தாலன்றி அந்நூலுக்குரிய மணி உருவாகாது. அம்மகரந்தத்தைச் சுமப்பது காற்று. ஆதலால் ஒற்றை வரிசையில் நட்ட சோளம் பொக்கு மிகுந்து காய்க்கும். சதுரப் பாத்தியில் நெருங்க நட்டதே மணி நிறையும். அயலான் பாத்தியின் மகரந்தமும் வேலியைக் கடந்து வரும். எனவே, வரிசையாகக் காம்பராக்கள் அமைந்த லயத்தில் எந்தக் குடும்பமும் தன் விதையைத் தனித்துக் காத்தல் அரிது. மரபு விதை என்பது அங்கே லயம் முழுவதற்கும் பொதுவான செல்வமாகவே இருத்தல் கூடும்.

விதை வேரூன்றிய நிலத்தில் மனிதர்க்குரிய வேரைச் சட்டம் ஏற்க மறுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோர் என வகுத்தது. தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தோர் தட்டுமுட்டுப் பொருள்களை எடுத்துச்செல்ல இயன்றது. சாம்பலிட்டுப் பண்படுத்திய மண்ணை எடுத்துச்செல்ல இயலவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஏக்கர் பலவற்றில் உழைத்தோர் பசியால் வாடியமை, சில பாத்திகளேனும் உடையவராயிருத்தலின் பொருளைக் கொடிய முறையில் உணர்த்திற்று. 1977இல் தோட்ட நிலங்களைப் பிரித்தளிப்பதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், தலவாக்கலை டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். மண் அவர்களுக்குத் தொழிற்களம் மட்டுமாயிருந்தால் இத்தகைய போராட்டம் எழுந்திராது.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை நல்கியது. 2015க்குப் பின்னர் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்னும் அளவில் தனிவீட்டுத் திட்டங்கள் முன்னெடுக்கப்பட்டன. அஃது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ இருபத்து மூன்றில் ஒரு பங்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்தோர்க்கு அதுவும் பெரிதே. எனினும் லயங்களில் வாழ்வோர் இன்னும் பலர். மறுபுறம், விலைக்கு வாங்கும் கலப்பின விதை மறு ஆண்டில் அதே குணத்தோடு விளையாமையால் விதை காக்கும் வழக்கமும் தளர்ந்து வருகின்றது. உறுதிப் பத்திரம் கைக்கு வரும் காலத்தில் விதைக்கதிர் கைநழுவுமாயின் அது பேரிழப்பாகும்.

பத்திரம் ஒரு குடும்பம் நிலம் பெற்ற நாளைக் குறிக்கும். அந்நிலத்தை அக்குடும்பம் தனதாக்கிக்கொண்ட நாளை விதையே அறியும். மூத்தோரிடம் எஞ்சியுள்ள வித்துகளையும், அவற்றைக் காத்த முறைகளையும் கேட்டறிந்து பதிவுசெய்தல் மலையகத்து இளந்தலைமுறையினர் உடனே மேற்கொள்ளத்தக்க வரலாற்றுப் பணியாகும். ஒரு பிடிச் சோளத்தை வாங்கித் தம் நிலத்தில் விதைத்தல் அப்பணியின் நிறைவாகும்.